ஃபோன் 'காணவில்லை'யா, 'பறித்தார்களா'? புகாரில் ஒரு சொல் மாறினால் வழக்கே மாறும்

ஆட்டோ சிக்னலில் நிற்கிறது. பைக்கில் வந்த இருவர் உங்கள் கையிலிருந்த ஃபோனை வெடுக்கெனப் பிடுங்கிக்கொண்டு பறந்துவிடுகிறார்கள். காவல் நிலையத்தில் பதற்றத்தோடு, "சார், என் ஃபோன் போச்சு" என்கிறீர்கள். அது 'கைபேசி காணவில்லை' என்று எழுதப்படுகிறது.

சிக்கல் இங்கேதான். பொருள் தொலைவது குற்றமே இல்லை. குற்றம் இல்லையென்றால் எஃப்ஐஆரும் இல்லை.

2024 ஜூலை 1 முதல் ஐபிசிக்குப் பதிலாக நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா, ஒவ்வொரு குற்றத்துக்கும் சில கூறுகளை வகுத்திருக்கிறது. ஒரு கூறு விட்டுப்போனாலும் அந்தக் குற்றம் நிற்காது.

திருட்டு என்றால் (பிரிவு 303), இன்னொருவர் வசமுள்ள அசையும் பொருளை, சம்மதமில்லாமல், நேர்மையற்ற எண்ணத்தோடு நகர்த்த வேண்டும். கவனியுங்கள், 'நகர்த்த'. தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதில்லை. மேசைமேல் இருந்த மோதிரத்தை, பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று அதே வீட்டுக்குள் ஒளித்துவைத்தாலும் திருட்டுதான். சட்டமே தரும் உதாரணம் இது.

அதுவே ரோட்டில் யார் வசமும் இல்லாமல் கிடந்த ஃபோன் என்றால் திருட்டு ஆகாது. உரியவரிடம் கொடுக்க எடுத்தால் குற்றமில்லை. கமுக்கமாக வைத்துக்கொண்டால் அது பிரிவு 314-ன்படி கையாடல்: 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை.

உங்கள் ஆட்டோ சம்பவம் பிரிவு 304-ல் வரும். திருடுவதற்காகத் திடீரென்றோ, வேகமாகவோ, பலவந்தமாகவோ பிடுங்குவது 'பறிப்பு'. ஐபிசியில் இப்படித் தனிப் பிரிவு இல்லை. ஆனால் அதிகபட்ச தண்டனை திருட்டைப் போலவே 3 ஆண்டுதான். திருட்டில் அபராதத்தோடு விட்டுவிட வழியுண்டு, பறிப்பில் சிறையும் அபராதமும் சேர்ந்தே வரும் என்பதுதான் வித்தியாசம். புதுப் பெயர் வைத்த அளவுக்குச் சட்டம் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்றே சொல்லத் தோன்றுகிறது.

பிடுங்குவதற்காக ஹெல்மெட்டால் அடித்தாலோ, வழிமறித்தாலோ, கத்தியைக் காட்டினாலோ அது கொள்ளை (பிரிவு 309). தண்டனை 10 ஆண்டு வரை போகும். இழுத்த இழுப்பில் நீங்கள் விழுந்து முட்டி உடைந்தால்? வேண்டுமென்றே காயப்படுத்தினார்களா என்ற கேள்வியில்தான் நீதிமன்றத்தில் வாதம் நடக்கும்.

பிரிவு எண் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை, அது போலீஸ் வேலை. நடந்ததை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள்: ஃபோன் கையில் இருந்ததா, எப்படிப் பிடுங்கினார்கள், மிரட்டினார்களா, காயம் உண்டா. "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் தரலாம். எழுதியதை உங்களுக்குப் படித்துக்காட்ட வேண்டும், நகலை இலவசமாகத் தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டம் (பிரிவு 173). பதிவு செய்ய மறுத்தால் எஸ்பிக்குத் தபாலில் எழுதலாம், அதற்கும் பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

படித்துக்காட்டும்போது 'காணவில்லை' என்று காதில் விழுந்தால், திருத்தச் சொல்லிவிட்டுப் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.