"புரிஞ்சுதா?" என்று கேட்டால் போதுமா?



நம் வகுப்புகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி எது? ஓம் விதி பற்றியதா, பெர்னோலி தேற்றம் பற்றியதா? இரண்டும் இல்லை. "என்னப்பா, புரிஞ்சுதா?" என்பதுதான். அறுபது தலைகளும் ஆடும். அடுத்த பாடம் ஆரம்பமாகிவிடும். அந்தத் தலையாட்டலை நம்பி வகுப்பு நடத்துவது சரியில்லை என்பது என் கட்சி.

இரண்டாம் ஆண்டு வகுப்பில் யார் யார் இருக்கிறோம்? பத்தாவது முடித்து, முதலாண்டு படித்து வந்தவர்கள், பிளஸ் டூ முடித்து நேரடியாக நுழைந்தவர்கள், ஐ.டி.ஐ.யிலிருந்து வந்தவர்கள். ஃபிட்டர் படித்த நண்பன் வெர்னியர் காலிப்பரைப் பார்த்த பார்வையில் அளவு சொல்வான். கரும்பலகையில் தொகையிடல் குறியைக் கண்டால் விழிப்பான். பிளஸ் டூ கணக்கு படித்தவனுக்குத் தொகையிடல் தண்ணீர் பட்ட பாடு. அரம் பிடிக்கச் சொன்னால் திணறுவான். இருவருக்கும் ஒரே பாடம், ஒரே வேகம். இதில் யாரை 'மக்கு' என்பது?

மொழியைப் பாருங்கள். தமிழ் வழியில் தகைவு, திரிபு, யங் குணகம் என்று ஒழுங்காகப் படித்தவன்தான், 'ஸ்ட்ரெஸ், ஸ்ட்ரெயின், யங்ஸ் மாடுலஸ்' என்றதும் ஏதோ புதுசு என்று மிரள்கிறான். பலகையில் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஒரு நிமிஷம் ஆகுமா?

மின்னணு ஆய்வகத்தில் பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் 1000 ஓம். கடைசிச் சிவப்பைப் பழுப்பாகப் பார்த்தால் அதுவே 100 ஓம் ஆகிவிடும். நிறம் பிரித்தறிய முடியாத மாணவனிடம் "கவனமா பாருடா" என்று சொல்லி என்ன பயன்? கையில் ஒரு மல்டிமீட்டரைக் கொடுத்தால் வேலை முடிந்தது. முதல் கோண வீழ்ப்பில் முகப்புத் தோற்றத்துக்குக் கீழே மேல்தோற்றம் வருவது மண்டையில் ஏறாதவனுக்கு, சோப்புக் கட்டியை வெட்டிக் காட்டினால் பாதிப் படம் அங்கேயே புரிந்துவிடும்.

"போர்ஷன் முடிக்கணுமே, அறுபது பேருக்கும் தனித்தனியா எடுக்க முடியுமா?" என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. ஆளுக்கொரு பாடம் யாரும் கேட்கவில்லை. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலில், குழந்தைகள் அட்டைகளை வைத்து அவரவர் வேகத்தில் படி ஏறினார்கள். 2007இல் மாநிலத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் அது போனது. குறை நிறைகள் இருக்கலாம்; ஆனால் ஒரே அறையில் பல வேகம் சாத்தியம் என்று நம் ஊரிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

நாம் கேட்பது கொஞ்சம்தான். பருவத் தொடக்கத்தில் மதிப்பெண் இல்லாத ஒரு சின்னத் தேர்வு. யாருக்கு எது தெரியாது என்று அதில் தெரிந்துவிடும். பட்டறையில் ஐ.டி.ஐ. நண்பரையும் பிளஸ் டூ நண்பரையும் ஜோடியாகப் போடுவது. வகுப்பு முடியும்போது, புரியாததைப் பெயரில்லாமல் எழுதிப் போட ஒரு துண்டுச் சீட்டு.

நம் பங்கும் உண்டு. மாலையில் ஒரு மணி நேரம், தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுக்கும் வகுப்பை மாணவர் பேரவையே நடத்தலாம். ஒரு அரியர் மூன்றாகி, மூன்று ஆறாகி, "நான் வேலைக்கே போறேன்டா" என்று பெட்டியைக் கட்டுகிறவன் அறிவில்லாதவன் அல்ல. அவனுக்குப் புரியும் வழியில் ஒருவரும் சொல்லித் தரவில்லை. வரும் ஆண்டு அப்படி ஒருவர்கூட நம் கல்லூரியை விட்டுப் போகக் கூடாது. பேரவை இதை முதல் தீர்மானமாக எடுக்குமா?