“ஒன்றும் ஆகவில்லை” என்று யார் சொல்வது?

கர்ப்பிணிப் பெண் கீழே விழுந்தால் தூக்கி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, “ஒன்றும் ஆகவில்லை” என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடும் வழக்கம் நம்மவரிடம் இன்னும் இருக்கிறது. மழைக்காலத்தில் நம் தீவுச் சாலைகளில் ஸ்கூட்டர் சறுக்குவது புதிதல்ல என்பதால் இதை எழுதுகிறேன்.

தாய்க்குச் சிராய்ப்புகூட இல்லாதபோதும் குழந்தைக்கு ஆபத்து வரலாம். கருப்பை தசையால் ஆனது, அதிர்ச்சியில் வளைந்து கொடுக்கும். நஞ்சுக்கொடி அப்படி வளையாது. அதனால் இரண்டும் ஒட்டியிருக்கும் இடம் பிரியக்கூடும். ரத்தம் வெளியே வராமல் உள்ளேயே தேங்குவதும் உண்டு. ரத்தம் குறையும்போது தாயின் உடல் முதலில் கருப்பைக்குப் போவதைத்தான் குறைக்கும். அவள் நாடி சரியாகவே இருக்கும். குழந்தையின் மூளைக்கோ பிராணவாயு போதாது. பிழைத்தாலும் மூளை முடக்குவாதம் ஆயுள் முழுதும் தங்கிவிடலாம்.

ரயில்வேயில் நல்லதாகத் தெரியும் தண்டவாளத்தையும் ஒலி அலைக் கருவி வைத்துச் சோதிப்போம். (ரயிலே இல்லாத ஊரில் ரயில் கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.) இங்கே அது மட்டும் போதாது. நஞ்சுக்கொடி பிரிந்ததை ஸ்கேன் தவறவிடக்கூடும். ஆகவே ஆறு மாதத்துக்கு மேல் என்றால், குழந்தையின் இதயத் துடிப்பைக் குறைந்தது 4 மணி நேரம் தொடர்ந்து கவனிப்பார்கள். தாயின் ரத்தம் நெகட்டிவ் வகையானால் 72 மணி நேரத்துக்குள் ஓர் ஊசியும் தேவைப்படலாம்.

பெரும்பாலும் எதுவும் ஆவதில்லைதான். அதை மருத்துவர் சொல்லட்டும். சென்னையில் ஓர் ஆட்டோ போதும். ஹட்பேயிலிருந்து ஜி.பி. பந்த் மருத்துவமனைக்கு வர கடல் தாண்ட வேண்டும். திக்லிபூரிலிருந்து என்றால் ஜார்வா காட்டுப் பாதையில் குறித்த நேரத்தில்தான் வண்டி விடுவார்கள். “காலையில் பார்க்கலாம்” என்பது இங்கே ஒரு நாளையே விழுங்கிவிடும். உடனே பக்கத்து அரசு மருத்துவமனைக்குப் போனால், மேலே அனுப்புவதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்றைச் சங்கப் பத்திரிகையில் எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். “படியில் வழுக்கினேன்” என்று சொல்லும் பெண்கள் எல்லோரும் படியில் வழுக்கியவர்கள் அல்லர். அடித்தவனே கூட நின்று மருத்துவருக்குப் பதில் சொன்னால் அடி வயிற்றில் பட்டதா என்பது வெளியே வராது. அம்மாவோ அக்காவோ பக்கத்து வீட்டு அம்மாளோ உடன் போங்கள். அவளைத் தனியே பேச விடுங்கள். மகளிர் உதவி எண் 181ஐயும் அவளுக்குச் சொல்லி வையுங்கள்.