வீட்டுப் பூனை இளைத்துப் போனால்...



சென்ற மாதம் ஒரு சகோதரியிடமிருந்து கடிதம் வந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக வளர்த்த பூனைக்குச் சிறுநீரகம் பழுதாகிவிட்டது என்று கால்நடை மருத்துவர் கூறிவிட்டாராம். நாளுக்கு நாள் இளைத்து, தடவிக் கொடுத்தால் முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறதாம். "மீன் கடைப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடு, அதன் ரிஸ்கை அல்லாஹ் கொடுப்பான்" என்கிறாராம் மாமியார். கணவர் சவூதியில் இருக்கிறார். விட்டுவிடுவது குற்றமாகுமா, விடாமல் வைத்திருந்தால் அதற்கு என்னதான் கொடுப்பது என்று இரண்டு கேள்விகள் கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. ஒரு பூனையை அடைத்து வைத்து, தானும் உணவளிக்காமல், பூமியிலுள்ள புழு பூச்சிகளைத் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணைப் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. நாமெல்லாம் சிறுவயதிலேயே கேட்டதுதான். "நாங்கள் அடைத்து வைக்கவில்லையே, அவிழ்த்தல்லவா விடுகிறோம்" என்று சொல்லத் தோன்றும். வேட்டையாடித் தின்னக்கூடிய பூனைக்கு அது விடுதலை. பன்னிரண்டு ஆண்டுகள் தட்டில் தின்று பழகி, இன்று ஓடவும் வலுவிழந்த பூனையைத் தெருநாய்களுக்கு நடுவே விடுவது கயிறில்லாமல் கட்டி வைப்பதுதான் என்பது என் கருத்து. சகோதரியே, மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். அவர்கள் இரக்கமில்லாதவர்கள் என்று நான் எண்ணவில்லை. கண்ணெதிரே ஓர் உயிர் தேய்வதைப் பார்க்கச் சகியாமலும் சிலர் அப்படிச் சொல்வதுண்டு.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நான் மருத்துவனல்லன். கல்லூரியில் வரலாறு படித்துவிட்டு மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பவன். ஆயினும் இந்த விஷயத்தில் பட்டறிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

எங்கள் உம்மா வளர்த்த பூனை ஒன்று இருக்கிறது. முத்து என்று பெயர். உம்மா வஃபாத்தான பிறகு அது அவர்களுடைய தொழுகைப் பாயிலேயே போய்ப் படுத்துக்கொண்டது. தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிவிடும். வீட்டில் எல்லாருக்கும் கண் கலங்கியது. உம்மாவை நினைத்து அது ஏங்குகிறது என்றே நான் நம்பினேன். வந்தவர்களிடமெல்லாம் பெருமையாகவும் சொன்னேன். இப்படியே இரண்டு மாதங்கள் போய்விட்டன. அது அடிக்கடி வாளித் தண்ணீரைக் குடித்ததும், மண் தொட்டி வழக்கத்தைவிட அதிகமாக நனைந்ததும் கண்ணில் பட்டும் கருத்தில் படவில்லை. பிறகு இரத்தப் பரிசோதனை செய்த மருத்துவர் சிறுநீரகம் என்றார். அது ஏங்கியிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கற்பனை அதற்கு இரண்டு மாதச் சிகிச்சையை இல்லாமல் ஆக்கிவிட்டது.

வயதான பூனைகளுக்கு இது பரவலாக வருகிற நோய். சிறுநீரகத்தின் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பிறகே வழக்கமான இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிக் கொடுக்கிறது. பழுதானது மீண்டும் சரியாவதில்லை. மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம், உடலின் எடை சரியாமல் பார்த்துக்கொள்ளலாம். நம்மால் ஆவது அவ்வளவே. ஆனால் அந்த அளவிலேயே பல பூனைகள் மாதக்கணக்கிலும், சில ஆண்டுக்கணக்கிலும் நன்றாக வாழ்கின்றன.

நான் செய்த அடுத்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். நோய் தெரிந்தவுடன் பதறிப்போய், கோழிக்கறியை மசித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் நிரப்பி அதன் வாயில் பீச்சினேன். மூன்று நாட்கள் இப்படி நடந்தது. நான்காம் நாள் என் காலடி ஓசை கேட்டதுமே முத்து பீரோவின் அடியில் ஒளிந்துகொண்டது. மருத்துவர் கடிந்துகொண்டார். பலவந்தமாகப் புகட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைக் கெடுக்கலாம். அத்தோடு, குமட்டலோடு இருக்கும்போது திணித்த உணவைப் பூனை பிறகு எப்போதும் வெறுத்துவிடலாம் என்றார். மாத்திரையைப் பிரியமான உணவில் மறைத்துக் கொடுப்பதும் இதே காரணத்தால் ஆகாதாம். உணவை முகர்ந்து உதட்டை நக்குவது, எச்சில் வடிப்பது, ஆசையோடு வந்து அருவருப்போடு திரும்புவது ஆகியவை குமட்டலின் அறிகுறிகள். அதற்கு மருந்து உண்டு. பசியைத் தூண்டும் மருந்தும் உண்டு. மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். நம் வீட்டு மாத்திரைகளைத் தொடாதீர்கள். பாரசிட்டமால் ஒன்றே பூனையைக் கொன்றுவிடும்.

பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. அதை உணரும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது என்று 2005ஆம் ஆண்டில் கண்டறிந்தார்கள். பூனையின் பசியை எழுப்புவது மணந்தான். ஆகவே குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த உணவை அப்படியே வைக்காதீர்கள். கிண்ணத்தை வெந்நீரில் சிறிது நேரம் வைத்து, விரலால் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும்படி கொடுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த மீனின் தண்ணீரை ஒரு கரண்டி மேலே ஊற்றினால், தட்டைத் திரும்பிப் பார்க்காத பூனையும் எழுந்து வரும். முத்து அப்படித்தான் பீரோவின் அடியிலிருந்து வெளியே வந்தது.

ஒரே வேளையில் நிறைய வைக்க வேண்டாம். எங்கள் வீட்டில் ஐவேளைத் தொழுகையை ஒட்டி ஐந்து வேளை. ஒவ்வொரு வேளையும் இரண்டு கரண்டிக்கு மேல் இல்லை. மீசை இடிக்காத அகலமான தட்டு. எறும்புக்காக அந்தத் தட்டைத் தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் வைக்கிறாள் என் மனைவி. அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுகிறோம்.

மூன்று கிலோ எடையுள்ள பூனைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 150 முதல் 180 கலோரி தேவைப்படும். எலும்பில்லாத வெந்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் சுமார் 165 கலோரி இருக்கிறது. ஒரு தேக்கரண்டிக் கோழிக் கொழுப்பில் சுமார் 40. கொஞ்சமாகத் தின்னும் பூனைக்குக் கொழுப்புதான் கைகொடுக்கும். எலும்பு, மீன் தலை, கருவாடு ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். அவற்றிலுள்ள பாஸ்பரஸ் சிறுநீரகத்துக்குச் சுமை. முட்டையில் வெள்ளைக்கருவை வேகவைத்துக் கொடுக்கலாம். பாஸ்பரஸ் மிகுந்திருப்பது மஞ்சள் கருவில். நம் வீடுகளில் ஆணத்துக் கறியைக் கழுவிப் போடும் வழக்கம் இருக்கிறது. கழுவினாலும் வெங்காயமும் பூண்டும் ஊறிய கறிதான் அது. அவை பூனையின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிப்பதில்லை; வயிற்றுப்போக்கில் இருக்கிற எடையும் போய்விடும்.

வெறும் கோழிக்கறியே நெடுநாளைக்குப் போதாது. டாரின் என்ற சத்துக் குறைந்தால் பூனையின் இதயம் பலவீனமடையும் என்பதை 1987இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். சிறுநீரக நோய்க்கென்றே செய்த உணவு இப்போது நகரங்களில் கிடைக்கிறது, விலை அதிகந்தான். இயன்றவர்கள் வாங்கிப் பழைய உணவோடு சிறிது சிறிதாகக் கலந்து, சில வாரங்களில் பழக்கலாம். இயலாதவர்கள் வீட்டு உணவில் என்ன சேர்க்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளலாம். அந்தச் சிறப்பு உணவை அது தொடவே மறுத்தால், பட்டினி போட்டுப் பழக்க நினைக்காதீர்கள். தின்னுகிற எதையாவது தின்பதே மேல். இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்த பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு அடைந்து, அதுவே உயிருக்கு உலை வைக்கும். ஒரு முழு நாள் எதையும் தொடவில்லையென்றால் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

அதிகமாக நீர் கழிக்கிறது என்று தண்ணீரைக் குறைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பெரும் தவறு. கழிவதால்தான் குடிக்கிறது. மூன்று இடங்களில் தண்ணீர் வையுங்கள். ஒளூவுக்கு வைத்த நீரில் வாய் வைத்துவிட்டதே என்று வருந்த வேண்டாம். அபூகதாதா (ரலி) அவர்கள் தமக்கு ஒளூவுக்காக ஊற்றப்பட்ட நீரைப் பூனை குடிப்பதற்காகப் பாத்திரத்தையே சாய்த்துக் கொடுத்தார்கள். பூனை அசுத்தமன்று, நம்மைச் சுற்றி வருபவற்றில் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதையும் அப்போது அறிவித்தார்கள். அதன் சிறுநீர் மட்டும் நஜீஸ்தான். மண் தொட்டியை அது படுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால் தொழுகைப் பாய் தப்பும்.

வாரம் ஒரு முறை நிறுத்துப் பாருங்கள். கண்ணை நம்பினால் நான் ஏமாந்ததுபோல் ஏமாறுவீர்கள். ரோமத்துக்குள் எலும்பு மறைந்திருக்கும். நாங்கள் வெள்ளிக்கிழமை காலையில் காய்கறிக் கூடையில் முத்துவை வைத்து, பக்கத்து மளிகைக் கடையின் தராசில் நிறுத்து, கூடையின் எடையைக் கழித்துக்கொள்கிறோம். கடைக்காரர் முதலில் சிரித்தார். இப்போது அவரே எடையைக் கேட்டுக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்கிறார். நோய் தெரிந்தபோது 2 கிலோ 900 கிராம். நான்கு மாதங்களுக்குப் பிறகு, சென்ற வெள்ளியன்று 3 கிலோ 150. நடுவே இரண்டு வாரங்கள் இறங்கியது. மருந்தை மாற்றியதும் மீண்டும் ஏறியது. இது ஒரு நாள் இறங்கிக்கொண்டே போகும் என்பதும் எனக்குத் தெரியும்.

சகோதரியே, நீங்கள் எழுதியதில் உங்கள் பூனையின் எடை இல்லை. இந்த வாரம் நிறுத்துக் குறித்து வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் நிறுத்து, இரண்டையும் எனக்கு எழுதுங்கள். அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள்; முத்து அடுப்படி வாசலில் வந்து நிற்கிறது.

வஸ்ஸலாம்.