கடைத்தெரு தானாக நொடிக்கவில்லை

அம்மாபேட்டை கடைத்தெருவும் பழைய பஸ் ஸ்டாண்டு வட்டாரமும் இனி எழாது, வியாபாரம் ஆன்லைனுக்கும் ஐந்து ரோட்டுக்கும் போய்விட்டது, அங்கே பணம் போடுவது வீண் என்று சேலத்தில் பலர் பேசுகிறார்கள். இது தவறு.

ஆன்லைன் எல்லாவற்றையும் விழுங்கிவிடவில்லை. கல்யாணத்துக்கு வெண்பட்டு வேட்டி எடுப்பவர் துணியைத் தொட்டுப் பார்த்துத்தான் எடுக்கிறார். நெசவாளிக்கு நூலும் ஜரிகையும் கடனுக்கு வேண்டும். முகம் தெரிந்த கடைக்காரர்தான் அதைத் தருவார்.

கார் நிறுத்த இடமில்லாததால் கூட்டம் குறைந்தது என்பது அடுத்த வாதம். அயோத்தியாப்பட்டணத்திலிருந்தும் வீராணத்திலிருந்தும் வருகிறவர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்? டவுன் பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்ணுக்குக் கால் வைக்க நடைபாதை இல்லை, நிழல் இல்லை, கழிப்பறை இல்லை. சென்னை பாண்டி பஜாரில் நடைபாதையை அகலமாக்கி 2019 நவம்பரில் திறந்தார்கள். கார் நிறுத்தும் இடம் குறைந்தால் வியாபாரம் படுத்துவிடும் என்று அங்கேயும் அஞ்சினார்கள். இன்றும் தீபாவளி நேரத்தில் அந்தத் தெருவில் ஜனம் நெரிகிறது.

தரைக்கடைகளை அகற்றினால் தெரு செழிக்குமாம். பூவும் கீரையும் வாங்க வந்தவர்தானே பக்கத்துப் பாத்திரக் கடைக்குள்ளும் நுழைகிறார்! 2014ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டம், நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டு இடத்தை அவர்களுக்கே தருகிறது. அந்தக் குழுவோடு பேசி இடம் குறித்துக் கொடுப்பதே முறை.

பெரிய கட்டடம் வந்தால் எல்லாம் சரியாகும் என்பதை ஏற்பதுதான் எனக்குக் கடினம். 2016இல் சேலம் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் சேர்ந்தது. 2023 ஜூனில் பழைய பஸ் ஸ்டாண்டு இருந்த இடத்தில் ஈரடுக்குப் பேருந்து நிலையம் திறந்தாயிற்று. தேவையான கட்டடம்தான். ஆனால் அதைச் சுற்றியுள்ள தெருக்களில் அடைத்த சாக்கடையையும் எரியாத விளக்கையும் தினமும் யார் கவனிப்பது? கனடாவின் டொராண்டோவில், சுரங்க ரயிலும் மால்களும் வந்தபின் வாடிய புளூர் வெஸ்ட் கடைத்தெரு வியாபாரிகள் 1970இல் சட்டப்படி ஒரு வழி கண்டார்கள். அந்த எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு கடையும் கூடுதல் வரி கட்டும். அந்தப் பணம் அந்தத் தெருவின் விளக்கு, செடி, பெஞ்சு போன்றவற்றுக்கே போகும். பிறகு பல நாடுகள் அதைப் பின்பற்றின.

நம் கடைக்காரர்கள் கூடுதல் வரி கட்ட வேண்டியதில்லை. சொத்து வரி, தொழில்வரி, உரிமக் கட்டணம் எல்லாம் ஏற்கெனவே கட்டுகிறார்கள். அந்தத் தொழில்வரியில் ஒரு பங்கு அம்மாபேட்டைத் தெருவுக்கே திரும்ப வரட்டும். எதற்குச் செலவிடுவது என்பதைக் கடைக்காரரும் தரைக்கடைக்காரரும் நெசவாளரும் வார்டு மக்கள் கூடும் ஏரியா சபையில் உட்கார்ந்து முடிவு செய்யட்டும். மாநகராட்சி வரும் பட்ஜெட்டிலேயே இதைத் தொடங்கலாம்.