பட்டியலில் இடம் கிடைத்தது, மருத்துவமனையில்?

நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று லோகூர் குழு பரிந்துரைத்தது 1965இல். நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது 2022 டிசம்பரில். அதே காவிரிப் படுகையில் வாழும் ஆதியன் எனப்படும் பூம்பூம் மாட்டுக்காரச் சமூகத்தின் பல குடும்பங்கள் பழங்குடிச் சான்றிதழுக்காக இன்றும் போராடுகின்றன.

சான்றிதழைக் கல்வி, வேலைவாய்ப்போடு மட்டுமே இணைத்துப் பேசுகிறோம். அது மருத்துவமனை வாசலிலும் தேவைப்படுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ மருத்துவமனைக்குள்ளும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளும் நுழைவதைத் தடுப்பதைக் குற்றமாக்கியது. ஆனால், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டிருந்த நரிக்குறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு அப்போது கிடைக்கவில்லை. சான்றிதழ் மறுக்கப்படும் ஆதியன் குடும்பங்களுக்கு இப்போதும் கிடைப்பதில்லை.

வாசலில் தடுப்பதைத்தான் சட்டம் எளிதில் அடையாளம் காண்கிறது. ஒருமையில் அழைப்பதும், வரிசையில் தள்ளி நிற்கச் சொல்வதும், உடையைப் பார்த்து முகம் சுளிப்பதும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. அவமதிப்பைத் தாங்காத குடும்பம் பாதிச் சிகிச்சையில் வெளியேறினால், ஆலோசனையை மீறிச் சென்றதாக அக்குடும்பத்தின் மீதே பழி விழுகிறது.

நடைமுறையும் அவர்களின் வாழ்க்கையை அறியாது. கர்ப்பப் பதிவு கிராம சுகாதாரச் செவிலியரின் எல்லையோடு பிணைக்கப்பட்டது. பாசிமணி விற்கத் திருவிழாதோறும் பெயரும் பெண் அந்த எல்லைக்குள் நிலையாக இருப்பதில்லை. பதிவு எண் இல்லையேல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி இல்லை. குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அலைய வேண்டும். அச்சான்றிதழ் இல்லாத குழந்தை நாளை சாதிச் சான்றிதழுக்கும் அலையும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்றிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. கட்டடம் இங்கே குறையன்று; உள்ளே தம் மொழி அறிந்த, தமக்காக நிற்கும் ஓர் ஆள் இல்லாததே குறை. நரிக்குறவர் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. ஒப்புதல் படிவம் நீட்டப்படுவதோ தமிழில்.

மாற்றுவழி தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. நீலகிரியின் கூடலூரில் 1990இல் தொடங்கப்பட்ட அஸ்வினி ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடி இளம்பெண்களையே செவிலியர்களாகப் பயிற்றுவித்தது. நோயாளி தம் உறவினரிடமே நோயைச் சொல்ல முடிந்தது. நியூசிலாந்தில் மாவோரி செவிலியர் இரிஹாபெட்டி ராம்ஸ்டன் பண்பாட்டுப் பாதுகாப்பு என்ற கருத்தை முன்வைத்தார். சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்பளிக்க வேண்டியவர் அதைப் பெற்றவரே என்பது அதன் சாரம்.

ஆகவே நாம் கோருவது மூன்று. படுகையின் அரசு மருத்துவமனைகளில் இச்சமூகங்களிலிருந்தே ஊதியம் பெறும் துணையாளர்களை நியமிக்க வேண்டும். கர்ப்பப் பதிவு, பெண் எங்கு சென்றாலும் அவளைத் தொடர வேண்டும். சாதிச் சான்றிதழ் நிலுவையிலுள்ள குடும்பங்களின் புகார்களும் விசாரிக்கப்பட வேண்டும்.

அதுவரை, துணைக்குச் செல்லும் மாணவத் தோழர்கள் குடும்பத்தின் அனுமதியை முதலில் பெறுங்கள். நாள், நேரம், நடந்தது அனைத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மனுவை அவர்களின் சொற்களிலேயே எழுதி, படித்துக் காட்டிய பிறகே கையொப்பம் வாங்குங்கள்.