இடி கேட்டால் இறங்கு

முழுக்க நனைந்த பிறகு முக்காடு எதற்கு என்பார்கள். வாட்டர் பார்க்கில் மழை பிடித்துக்கொண்டால் டிக்கெட் வாங்கியவர்கள் கேட்பதும் அதுதான். "நனையத்தானே வந்திருக்கோம், ஸ்லைடை ஏன் தம்பி நிறுத்துறீங்க?" கோடை விடுமுறையில் சென்னையைச் சுற்றியுள்ள எந்தப் பார்க்குக்குப் போனாலும் இந்தச் சண்டை காதில் விழும். விசிலும் சிவப்புப் பனியனுமாக நிற்கும் அந்தப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. நாலு அப்பாக்கள் சூழ்ந்துகொண்டு அவனை வறுத்தெடுப்பார்கள்.

நான் அந்தப் பையன் கட்சி. மழையால் குளிப்பவனுக்கு ஒன்றும் ஆகாது. கூட வரும் இடிதான் வில்லன். சென்னையில் கோடை மழை மேற்கே திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் கருக்கட்டி, பெரும்பாலும் சாயங்காலமாகத்தான் வந்து சேரும். அப்போதும் பார்க்கில் கூட்டம் குறைந்திருக்காது. ஸ்லைடுக்கு ஏறும் இரும்புப் படிக்கட்டை அண்ணாந்து பாருங்கள். ஐந்தாறு மாடி உயரம். பக்கத்தில் அதற்கு ஈடாக ஒரு தென்னை நிற்காது. அதில் ட்யூபைத் தலைக்கு மேல் பிடித்தபடி ஐம்பது பேர் வரிசை கட்டி நிற்கிறார்கள். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் விழும். இடிச்சத்தம் காதில் விழுகிறதென்றால் மின்னல் எட்டும் தூரத்தில்தான் நாம் இருக்கிறோம். அதனால்தான் கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை யாரையும் தண்ணீரில் இறக்கக் கூடாது என்பது பல நாடுகளில் பின்பற்றப்படும் விதி. நடுவில் இன்னொரு இடி கேட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

அப்பாக்களின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. நாலு பேர் குடும்பம் உள்ளே போய்வர ஆகும் செலவு கொஞ்சநஞ்சமா? இரண்டு மணி நேரம் இடித்தால் அந்தப் பணம் கோவிந்தா. இடியால் மூடினால் இன்னொரு நாள் வரலாம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துவிட்டால் அந்தப் பையனுக்குப் பாதித் திட்டு குறையும்.

ஆனால் பார்க்கை உண்மையில் படுத்துவது, கூட்டத்தைக் கூட்டி வரும் அதே வெயில்தான். பன்னிரண்டு மணிக்குச் சிமெண்டுத் தரையில் குழந்தைகள் குதிகாலை ஊன்ற முடியாமல் துள்ளித் துள்ளி ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஓர் ஆள் குழாயோடு தரையை நனைத்துக்கொண்டே இருப்பார். கண்ணுக்குத் தெரியாத சேதம் தண்ணீருக்குள் நடக்கிறது. கிருமியைக் கொல்லப் போட்ட குளோரினை வெயிலின் புறஊதாக் கதிர் சிதைத்துவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கும் சயனூரிக் அமிலம் கலக்காத குளத்தில், உச்சி வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பாதி குளோரின் காலி. கூட்டம் அதிகமாகி, வியர்வையும் இன்னபிறவும் சேர்ந்து, குளோரின் அதிகம் தேவைப்படும் நேரமும் அதேதான். மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால் "நல்லா மருந்து போட்டிருக்காங்க" என்று மெச்சிக்கொள்கிறோம். அந்த வாடை குளோரினுடையது அல்ல. வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து அது மாறிப்போன குளோரமீனுடையது. சுத்தமான குளத்தில் வாடை லேசாகத்தான் இருக்கும்.

அப்புறம் தண்ணீர்க் கணக்கு. மே மாதத்தில் திறந்த நீர்ப்பரப்பு ஒரு நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். 2,000 சதுர மீட்டர் அலைக்குளத்தில் அது 12,000 லிட்டர், நம் தெருவுக்கு வருகிற பெரிய தண்ணீர் லாரி ஒன்று. துணியோடும் ட்யூபோடும் வெளியே வழிவது தனி. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019 போன்ற வருடத்தில் இந்த லாரி யார் வீட்டுக் குடத்துக்குப் போகவேண்டியது என்ற கேள்வி எழத்தான் செய்யும். ஐப்பசி, கார்த்திகையில் வானமே இலவசமாக ஊற்றும்போது பார்க்கில் ஈ ஓட்டுவார்கள். அந்த மழையும் சேறும் சருகுமாக அடித்துக்கொண்டு வந்து குளத்தைக் கலக்கும். குளத்தின் அடித்தரை தெரியவில்லை என்றால் மூடத்தான் வேண்டும்; மூழ்கிக் கிடப்பவரை மேலிருந்து பார்க்க முடியாது.

பெட்ரோல் பங்கில் அன்றைய அடர்த்தியைப் பலகையில் எழுதி வைப்பதுபோல, ஒவ்வொரு குளத்தருகிலும் குளோரின் அளவை மணிக்கொருமுறை எழுதி வைக்கலாம். சோதிப்பது ஒரு நிமிட வேலை: சோதனைக் குழாயில் குளத்துத் தண்ணீர் பிடித்து மாத்திரை போட்டால், எவ்வளவு இளஞ்சிவப்போ அவ்வளவு குளோரின். அடுத்த முறை உள்ளே போகும்போது, மதியம் இரண்டு மணிக்கு அந்தக் குழாய் எந்த நிறத்தில் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.