நாமா, நாங்களா? பாட்டி கேட்ட கேள்வி

கடந்த பருவ விடுமுறையில், ரந்தாவ் வட்டாரத்தில் உள்ள எங்கள் தோட்டத்து ஆலயத்தில் இளையோருக்கான வேதாகம வகுப்பை நடத்தும் பொறுப்பு எனக்குக் கிடைத்தது. பல்கலைக்கழக நண்பர்களிடம் கற்ற முறையை ஊரில் காட்டிவிட வேண்டும் என்று ஆசை. மாற்கு நற்செய்தியின் 4ஆம் அதிகாரத்தில், சீடர்களின் படகு புயலில் சிக்கும் பகுதியை ஆங்கிலத்தில் எடுத்துக்கொண்டேன். பெயர்ச்சொல்லுக்கு நீலம், வினைச்சொல்லுக்குச் சிவப்பு, காரணம் காட்டும் சொல்லுக்கு அம்புக்குறி என்று கணினியில் வரைந்து திரையில் காட்டினேன். தம்பி தங்கைகள் படம் பிடித்துக்கொண்டார்கள்.

பின்வரிசையில் என் பாட்டியும் இருந்தார். அவர் நெடுங்காலம் பால்மரம் வெட்டியவர். தமிழ் வாசிப்பார், ஆங்கிலம் தெரியாது. அன்று இரவு தம்முடைய பழைய வேதாகமத்தில் அதே பகுதியை வாய்விட்டு வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ஏம்மா, இவங்க ‘நாங்கள்’னு சொல்றாங்களே, அவரும் அதே படகுலதானே இருக்காரு? ‘நாம’ன்னுல்ல சொல்லணும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆங்கிலத்தில் ‘வீ’ என்ற ஒரே சொல்தான். அதற்கு நீலம் பூசிவிட்டு அடுத்த வரிக்குப் போயிருந்தேன். மூலமொழியான கிரேக்கத்திலும் இந்த வேறுபாடு இல்லை. கேட்பவரைச் சேர்த்தால் ‘நாம்’, விட்டுவிட்டால் ‘நாங்கள்’ என்று பிரிப்பது தமிழ். ஆகவே தமிழில் எழுதியவர்கள் ஏதாவது ஒரு முடிவு எடுத்தே ஆக வேண்டியிருந்தது. பயத்தில் சீடர்கள் தங்களை மட்டுமே எண்ணினார்கள், உடன் இருப்பவரைக் கணக்கில் சேர்க்கவில்லை என்று அந்த ஒரு சொல்லிலிருந்து பொருள் கொள்ளலாம். என் வண்ணப் படம் எதுவும் அதைக் காட்டவில்லை.

கருவிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. இன்று 1871ஆம் ஆண்டின் மொழிபெயர்ப்பையும் 1995இல் வந்த திருவிவிலியத்தையும் கைப்பேசியிலேயே அடுத்தடுத்து வைத்துப் பார்க்க முடிகிறது. பாட்டியின் கேள்விக்குப் பிறகு நான் செய்ததும் அதுதான். ஒரு சொல் வேறு எங்கெல்லாம் வருகிறது என்று நொடியில் தேடலாம். தவறாகப் போட்ட கோட்டை அழித்து மறுபடி வரையலாம்.

ஆனால் வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும் படமுறை நம் மொழிக்காகப் பிறந்தது அல்ல. அமெரிக்காவில் ரீட், கெல்லாக் என்ற இரு ஆசிரியர்கள் 1877இல் ஆங்கில இலக்கணப் பாடத்துக்காகப் பரப்பிய முறை அது. எழுவாய், அடுத்து வினை, அதன்பின் செயப்படுபொருள் என்று கோடு இடமிருந்து வலமாக ஓடும். தமிழிலோ வினை பெரும்பாலும் கடைசியில்தான் வரும். வந்து, கண்டு, எழுந்து என்று எச்சங்கள் வரிசையாக அதற்கு முன்னால் நிற்கும். அதனால் தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிரிக்க வேண்டும். முதலில் வினைமுற்றைக் கண்டுபிடி. பிறகு யார், எதை, எப்போது என்று கேள். தமிழ்ப்பள்ளியில் நம் ஆசிரியர்கள் சொல்லித் தந்தது இதைத்தானே? செய்யுளில் சொற்களை இடம் மாற்றிக் கூட்டிப் பொருள் காணும் வழிகளை நன்னூல் எட்டு வகைப் பொருள்கோளாகச் சொல்கிறது. திருக்குறளுக்கோ தேவாரத்துக்கோ இதே பயிற்சி உதவும்.

எனக்குக் கவலை வேறொன்று. தோட்டங்களிலிருந்து குடும்பங்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்துவிட்டன. ஆலயத்தில் பெரியவர்கள் தமிழில் ஒரு பக்கம், நாங்கள் ஆங்கிலத்தில் மறுபக்கம். ஒரே கூரையின் கீழ் இரண்டு கூட்டம். நான் திரையில் காட்டிய பாடமும் அந்தப் பிரிவைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை. பாட்டியை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, அவருக்குப் புரியாத மொழியில் பேசினேன். நானும் அவரை விட்டுவிட்டு ‘நாங்கள்’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் முறையை மாற்றினேன். முதலில் பெரியவர் ஒருவர் பகுதியைத் தமிழில் வாசித்தார். கேள்விகளைத் தாளில் எழுதினோம். அதன் பிறகே கணினியைத் திறந்தோம். ஆங்கில மொழிபெயர்ப்பைப் பக்கத்தில் வைத்து, இரண்டும் வேறுபடும் இடங்களில் மட்டும் நிறம் பூசினோம். அரைப் பக்கம் முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் பின்வரிசையில் யாரும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

இருமொழியில் படித்த நம் தலைமுறைக்கு இது எளிதில் கைகூடும் வேலை. எந்த நூலை எடுத்தாலும், செயலியைத் திறப்பதற்கு முன் வீட்டில் உள்ள பெரியவரிடம் அந்தப் பகுதியை ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். அவர் எங்கே நிறுத்திக் கேட்கிறாரோ, அங்கே முதல் கோட்டைப் போடுங்கள்.